ஜைரோகொப்டரின் சுழலிறக்கை: பழுதறிதலும் பழுதுநீக்கலும்

வானிற் செல்லும் ஊர்திகளுட் பெரும்பாலானவை தம் பாரத்தை அசையா இறக்கைகளாலே தாங்குவன. ஹெலிகொப்டரும் ஜைரோகொப்டரும் அங்ஙனமல்ல. அவற்றின் இறக்கைகள் தலைக்குமேலே சுழல்வன. புறத்தோற்றத்தால் இவ்விரண்டும் ஒன்றுபோலக் காணப்படினும் இயங்கும் முறையால் வேறானவை. ஹெலிகொப்டரின் இறக்கைகளை எஞ்சினே சுழற்றுகின்றது. ஜைரோகொப்டரிலோ எஞ்சினானது ஓர் உந்துவிசிறியைச் சுழற்றி ஊர்தியை முன்னே செலுத்துவதோடு அமைகின்றது. தலைமேலுள்ள சுழலி சற்றே பின்சாய்ந்திருத்தலால், எதிர்வரும் காற்று அதன் கீழ்ப்புறத்தே புகுந்து மேனோக்கிச் செல்கின்றது. அக்காற்றே இறக்கைகளை இடையறாது சுழலச் செய்கின்றது. இந்நிகழ்ச்சியைத் தற்சுழற்சி என்பர்.

தற்சுழற்சியால் விளையும் நன்மை பெரிது. நடுவானில் எஞ்சின் நின்றுபோயினும் சுழலி நிற்பதில்லை. ஊர்தி இறங்க இறங்கக் கீழிருந்து வரும் காற்று அதனைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். ஆதலின், ஓட்டுநர் தக்கதொரு வெளியைத் தெரிந்து அமைதியாக இறங்கலாம். ஆனால் இதே உண்மைக்கு மறுபுறமும் ஒன்றுண்டு. எஞ்சின் இன்றியும் இறங்கத்தக்க இவ்வூர்தி, இறக்கையின்றி ஒரு கணமும் வானில் நிற்கமாட்டாது. உயிரனைத்தும் இரண்டு மெல்லிய இறக்கைகளையே பற்றி நிற்கின்றன. எனவே அவ்விறக்கைகளில் ஒரு காயம் ஏற்படுமாயின், அது பொறுக்கத்தக்கதா, திருத்தத்தக்கதா, விலக்கத்தக்கதா என்று தீர்மானித்தல் இக்கலையில் தலையாய அறிவாகும். அத்தீர்மானம் எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு தரும் பாடம்

இவ்வூர்தியின் தந்தை எனத் தக்கவர் ஸ்பானிய நாட்டுப் பொறியியலறிஞர் யுவான் டி லா சியெர்வா என்பவர். அவர் முதலில் அமைத்த ஊர்திகள் எழ முயன்றபோது ஒருபக்கமாகச் சரிந்து வீழ்ந்தன. ஊர்தி முன்னோக்கிச் செல்லும்போது, காற்றை எதிர்த்து வரும் இறக்கை மிகுந்த தூக்குவிசையையும், காற்றோடு பின்வாங்கும் இறக்கை குறைந்த தூக்குவிசையையும் பெறுதலே அதற்குக் காரணம். இறக்கைகளை அடியிற் கீலால் இணைத்து அவை மேலுங் கீழும் அசையுமாறு விட்டபோது இச்சமனின்மை நீங்கியது. 1923 ஜனவரியில் அவருடைய நான்காவது அமைப்பு, மட்றிட் நகருக்கு அண்மையிலுள்ள கெட்டாபேயிற் பறந்தது. 1928 செப்ரெம்பர் 18 ஆந் திகதி அவரே தம் ஊர்தியைச் செலுத்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

இவ்வெற்றிகளுக்கிடையே 1927 இல் நிகழ்ந்த ஒரு விபத்துக் கருதத்தக்கது. இங்கிலாந்தின் ஹாம்பிள் என்னுமிடத்தில் பிராங் கோட்னி என்பவர் செலுத்திய ஊர்தியிலிருந்து ஓர் இறக்கை அடியோடு முறிந்து விலகிற்று. கீல் இறக்கையை மேலுங் கீழும் அசையவிட்டதேயன்றி, முன்னும் பின்னும் அசையவிடவில்லை. அத்திசையில் ஒவ்வொரு சுற்றிலும் உண்டான வளைவை அடிப்பகுதியே தாங்கித் தாங்கி இளைத்தது. அதன்பின் முன்பின் அசைவுக்கும் ஒரு கீல் அமைக்கப்பட்டது. இறக்கை முறிவது பெரும்பாலும் ஒரேயொரு பேரடியால் அன்று, எண்ணிறந்த சிற்றடிகளின் தொகையால் என்னும் உண்மை இவ்வாறு தொடக்கத்திலேயே அறியப்பட்டது.

சியெர்வாவின் பிற்கால ஊர்திகளின் இறக்கைகள் உருக்குக் குழாயை உத்திரமாகவும் மரத்தை விலாவாகவுங் கொண்டு அமைந்தவை. 1950 களில் ஐக்கிய அமெரிக்காவில் ஈகோர் பென்சன் என்பவர், ஒருவர் அமரத்தக்க சிறிய ஜைரோகொப்டர்களை வகுத்து, அவற்றின் வரைபடங்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். அதனால், ஊர்தியைத் தம் வீட்டுக் கொட்டிலிலேயே கட்டிப் பறப்போர் பெருகினர். இன்று வழங்குவன பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தை அச்சின் வழியே பிதுக்கி ஆக்கிய இறக்கைகளும், கண்ணாடிநார் முதலியவற்றைப் பிசினோடு இறுக்கி ஆக்கிய இறக்கைகளுமாம். பொதுவாக இவற்றுள் இரண்டு, ஏற்றத்தராசின் கோல்போல, நடுவே ஓர் ஊசலாணியில் இணைக்கப்படுகின்றன. ஒன்று எழ மற்றது தாழும்.

இறக்கை தாங்கும் சுமை

காயத்தை மதிப்பிடுவோர் முதலில் அறியவேண்டியது இறக்கை தாங்கும் சுமையாகும். எடுத்துக்காட்டாக, நடுவிலிருந்து நுனிவரை 4.2 மீற்றர் நீளமும் 12 கிலோகிராம் நிறையுமுள்ள ஓர் இறக்கையைக் கொள்வோம். அது நிமிடத்துக்கு 350 முறை சுழல்கின்றது என்க. அப்போது அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 550 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். இறக்கையின் நிறை நடுவிலிருந்து 2.1 மீற்றர் தூரத்தில் திரண்டிருப்பதாகக் கருதிக் கணித்தால், அதனை வெளியே பிடுங்கும் மையநீக்க விசை ஏறக்குறைய 34,000 நியூற்றன் ஆகும். அஃதாவது, 3,400 கிலோகிராம் பாரத்தை இறக்கையின் அடியிற் கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். அவ்விழுவையை ஏற்பன அடியிலுள்ள சில ஆணிகளும் அவற்றைச் சூழ்ந்த உலோகமுமே.

இவ்விழுவை ஒருநிலையாய் நிற்குமாயினும் கவலை குறைவு. ஊர்தி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் முன்செல்லும்போது, எதிரேறும் இறக்கையின் நுனியைக் காற்று 650 கிலோமீற்றர் வேகத்திலும், பின்வாங்கும் இறக்கையின் நுனியை 450 கிலோமீற்றர் வேகத்திலும் தாக்கும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை சுமை ஏறி இறங்குகின்றது. நிமிடத்துக்கு 350 சுற்றாயின் மணிக்கு 21,000 சுற்று. நூறு மணிநேரப் பறப்பில் 21 இலட்சம் சுற்று.

மீண்டும் மீண்டும் ஏறியிறங்கும் சுமை, ஒருமுறையில் முறிக்கமாட்டாத உலோகத்தையும் காலப்போக்கில் முறிக்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் வோலர் என்னும் பொறியியலாளர் புகைவண்டி அச்சுகளைக்கொண்டு இதனை ஆராய்ந்து நிறுவினார். 1954 இல் இரண்டு கொமெற் விமானங்கள் வானிற் சிதைந்தமைக்கும் இவ்வுலோகக் களைப்பே காரணமாயிற்று. உருக்குக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லைக்குட்பட்ட சுமையை அது நெடுங்காலம் தாங்கவல்லது. அலுமினியக் கலப்புலோகங்களுக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. சிறு சுமையாயினும் அதன் எண்ணிக்கை மிகுந்தால் அவை இளைத்தே தீரும்.

இவ்விளைப்பை விரைவுபடுத்துவது காயம். 1913 இல் இங்கிலிஸ் என்னும் அறிஞர், இழுக்கப்படும் தகட்டிலுள்ள துளையின் ஓரத்தில் தகைப்பு எவ்வளவு பெருகும் என்பதைக் கணித்துக் காட்டினார். வட்டத் துளையாயின் மும்மடங்காகும். இழுவைக்குக் குறுக்காக நீண்டு, அகலத்தினும் ஐந்து மடங்கு நீளமுள்ள நீள்வட்டமாயின் பதினொரு மடங்காகும். இழுவையின் திசையிலேயே நீண்ட துளை இத்துணைத் தீங்கு செய்யாது. இக்கணக்கிலிருந்து பெறப்படும் விதி மிக எளியது: இறக்கையின் நீளவாட்டிற் சென்ற கீறலினும் குறுக்குவாட்டிற் சென்ற கீறல் கொடியது, பரந்த பள்ளத்தினும் கூரிய வெட்டு கொடியது.

பழுது உண்டாகும் வழிகள்

பழுதுகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நாட்பட்ட தேய்வு. மழைத்துளி, மணல், பூச்சி, ஓடுபாதையிலிருந்து எழும் சிறுகற்கள் ஆகியன முன்விளிம்பை அரிப்பன. முன்விளிம்பு கரடானால் காற்றுத்தடை மிகும். சுழலியின் சுற்றுவேகமும் மாறும்.

இரண்டாவது, நிலத்தில் நிற்கையில் நேரும் காயம். கொட்டிலுள் ஊர்தியைத் தள்ளும்போது கதவிலோ தூணிலோ நுனி மோதுதல், இறக்கைகளைக் கட்டாது விட்டுக் காற்றில் அவை அடிபடுதல், கழற்றிய இறக்கையை வாகனத்தில் ஏற்றும்போது பின்விளிம்பு நசிதல் என்பன இவ்வகையின. இவை அற்பமெனத் தோன்றுதலாற் பலரும் மறைப்பர்.

மூன்றாவதே மிகக் கொடியது. சுழலும்போது நேரும் மோதல். ஊர்தி பக்கமாகச் சரிந்து இறக்கை நிலத்தைத் தாக்குவதும், போதிய சுற்றுவேகம் பெறுமுன் ஊர்தியை விரைந்து ஓட்டுவதால் இறக்கைகள் கட்டின்றி மேலுங் கீழும் அடித்துக்கொள்வதும் இதனுள் அடங்கும். குறைந்த சுற்றுவேகத்தில் மையநீக்க விசை குறைவாதலால், இறக்கை விறைத்து நிற்பதில்லை. அந்நிலையில் எதிரேறும் இறக்கை மேலே தூக்கப்பட, மற்றையது தாழ்ந்து சுக்கானையோ உந்துவிசிறியையோ வெட்டலாம். அவற்றைத் தொடாது தப்பினும், ஊசலின் தடைகளிற் குடம் வன்மையாக மோதி இறக்கையின் அடிப்பகுதி வளைதல் கூடும்.

ஆராயும் முறை

ஆராய்ச்சி இறக்கையில் அன்று, நிகழ்ச்சியிலேயே தொடங்கவேண்டும். மோதியது யாது? சுழலி அப்போது சுழன்றதா? எவ்வளவு வேகத்தில்? திடீரென நின்றதா? இவ்வினாக்களுக்கு உண்மையான விடை கிடைத்தாலன்றி மேற்செல்லுதல் வீண். சுழன்றுகொண்டிருந்த இறக்கையின் நுனி நிலத்தைத் தாக்கியிருப்பின், நுனியிற் காணும் காயம் சிறிதாயினும் அதன் அதிர்ச்சி இறக்கையின் அடிக்கும், குடத்துக்கும், ஊசலாணிக்கும், தாங்குகம்பத்துக்கும், கட்டுப்பாட்டுக் கோல்களுக்கும் சென்றிருக்கும். அடிபட்ட இடம் ஒன்று, நொந்த இடம் வேறு என்பதை மறத்தலாகாது.

அடுத்து, இறக்கைகளைக் கழற்றி நன்கு கழுவித் துடைத்து, வளையாதவாறு தாங்கிகளின்மேல் வைத்தல் வேண்டும். அழுக்கும் எண்ணெயும் வெடிப்பை மறைப்பன. பின்னர் ஒளியைப் பக்கவாட்டில் விழச்செய்து, அடியிலிருந்து நுனியை நோக்கி விளிம்பின் வழியே கண்ணோட்டிப் பார்த்தால் மேற்பரப்பின் அலைவும் நெளிவும் நிழலாய்த் தோன்றும். அடியிலிருந்து நுனிவரை மெல்லிய நூலொன்றை இறுகக் கட்டி, அதற்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பல இடங்களில் அளந்து மற்றைய இறக்கையின் அளவுகளோடு ஒப்பிடுதல் முறை. முறுக்கம் உண்டோவென அறியச் சாய்வுமானியைக் குறித்த தூரங்களில் வைத்துக் கோணங்களை எழுதிக்கொள்வர். இரண்டு இறக்கைகளும் ஒன்றுக்கொன்று சான்று. ஒன்றிற் காணாத வேறுபாடு மற்றையதில் இருப்பின் அதற்குக் காரணம் தேடப்படல் வேண்டும்.

மூன்றாவது படி ஆணித்துளைகளை நோக்குதல். வட்டமாயிருந்த துளை நீள்வட்டமாயிருப்பின் ஆணி அசைந்துள்ளது என்பது துணிபு. அலுமினியம் இறுகப் பற்றிய இடத்திற் கரும்பொடி படிந்திருப்பின், இரு பரப்புகளும் நுண்ணிதாக உராய்கின்றன எனக் கொள்ளவேண்டும். அவ்வுராய்வு வெடிப்பின் தோற்றுவாய்.

கண்ணுக்கெட்டாத வெடிப்பை அறியச் சாயமுறை பயன்படுகின்றது. பரப்பைச் சுத்தஞ்செய்து, நுண்ணிய பிளவுகளிலும் ஊறவல்ல செந்நிறச் சாயத்தைப் பூசிக் குறித்த நேரம் விடுவர். பின் மேலுள்ள சாயத்தை முற்றாகத் துடைத்து வெண்பொடியைத் தெளிப்பர். பிளவினுட் புகுந்த சாயம் வெண்பொடியிற் கசிந்து செங்கோடாய்த் தோன்றும். பூச்சு நீக்கப்படாத பரப்பில் இம்முறை பயன்தராது. மேற்பரப்புக்கு வாயில் திறவாத உட்பிளவையும் இது காட்டாது.

ஒட்டுப் பசையால் இணைக்கப்பட்ட இறக்கைகளுக்கும் நார்ப்பிசின் இறக்கைகளுக்கும் வேறொரு சோதனை உண்டு. சிறு நாணயத்தால் வரிசையாக மெல்லத் தட்டிக்கொண்டு செல்லவேண்டும். இணைப்பு நன்றாயுள்ள இடத்தில் ஓசை தெளிந்து கூர்மையாய் ஒலிக்கும். பிரிந்த இடத்தில் மங்கி ஒலிக்கும். குடம் வாங்குவோர் தட்டிப் பார்க்கும் அதே அறிவே இங்கும் வேண்டப்படுவது. நார்ப்பிசினில் வெண்மை படர்ந்த இடம், உள்ளே பிசின் நொறுங்கியதற்கு அடையாளமாகலாம். மர இறக்கையாயின், ஈரம் ஏறிய இடமும் பசைக்கோடு விட்ட இடமும் ஊன்றி நோக்கத்தக்கன.

திருத்தத்தக்கதும் தகாததும்

இறக்கையை ஆக்கியோர், ஒவ்வொரு பகுதியிலும் பொறுக்கத்தக்க காயத்தின் ஆழத்தையும் நீளத்தையும் தம் கைந்நூலில் வரையறுத்திருப்பர். அவ்வரையறையே இறுதியானது; பிறிதோர் இறக்கைக்குரிய அளவை இதற்குப் பொருத்துதல் தவறு. எனினும் பொதுவான நெறிகள் சில உள.

உலோக இறக்கையின் முன்விளிம்பில், எல்லைக்குட்பட்ட சிறு வெட்டு இருப்பின் அது திருத்தத்தக்கது. திருத்தம் என்பது ஈண்டு நிரப்புதல் அன்று, கூர்மையை நீக்குதல். மிக நுண்ணிய தேய்தாளால், எப்போதும் இறக்கையின் நீளவாட்டிலேயே தேய்த்து, வெட்டின் அடி முற்றாக மறைந்து ஆழங்குறைந்த நீண்ட தாழ்வாகும்வரை மென்மையாக்குவர். குறுக்காகத் தேய்ப்பின், ஒரு வெட்டை நீக்கப் புகுந்து நூறு நுண்கீறல்களை ஆக்கியதாகும். பின்னர் மீண்டும் சாயச்சோதனை செய்து, வெடிப்பு எஞ்சவில்லை என்பதை உறுதிப்படுத்தி, எஞ்சிய உலோகத்தின் தடிப்பை அளந்து, அரிப்பைத் தடுக்கும் பூச்சை இடல்வேண்டும். வெட்டைப் பசைமாவால் அடைத்து வர்ணம் பூசினால் கண்ணுக்கு அழகாயிருக்கும். வலிமை ஒருசிறிதும் திரும்பாது. அதனினும் தீதாவது, அடுத்துப் பார்ப்பவனின் கண்ணையும் அது மறைத்துவிடும்.

வளைந்த உலோக இறக்கையை நிமிர்த்தலாகாது என்பது இக்கலையின் உறுதியான விதி. நிமிர்த்தினால் உருவம் திரும்பும், உலோகம் திரும்பாது. வளையும்போது ஒருமுறையும் நிமிரும்போது மற்றொருமுறையும் அது தன் எல்லையைக் கடந்து இழுபடுகின்றது. உள்ளே எஞ்சும் தகைப்பைக் கண்ணாலும் சாயத்தாலும் காணவியலாது. வெப்பமூட்டி நிமிர்த்துதல் அதனினும் கேடு. இக்கலப்புலோகம் அளவான வெப்பத்தில் முதிரச்செய்யப்பட்டே தன் வலிமையைப் பெற்றது. மீண்டும் மிகச் சூடாக்கின் அவ்வலிமையை இழக்கும், பசையிணைப்பும் இளகும். அடிப்பகுதியிலோ ஆணித்துளையிலோ காணப்படும் வெடிப்பும் அவ்வாறே. வெடிப்பின் முனையில் துளையிட்டு நிறுத்தும் வழக்கம் வேறிடங்களில் உண்டாயினும், சுழலிறக்கையில் அதற்கு இடமில்லை.

நார்ப்பிசின் இறக்கையில், மேற்பூச்சிலுள்ள சிராய்ப்பும் பின்விளிம்பின் சிறு சிதைவும் ஆக்கியோர் இசைந்த முறையில் திருத்தப்படலாம். சுமைதாங்கும் உத்திரத்தை எட்டிய காயமாயின் அதனை ஆக்கியோரிடமே அனுப்புதல் தக்கது. சுழலும்போது நிலத்தையோ சுக்கானையோ தாக்கிய இறக்கையை, காயம் வெளியே தோன்றாவிடினும், பெரும்பாலோர் விலக்குவர்.

நிறை சமனாக்கல்

திருத்தம் முடிந்ததும் வேலை முடிந்ததாகாது. முற்கூறிய எடுத்துக்காட்டில், இறக்கையின் நுனியில் ஒரு கிராம் மிகுந்தால், சுழற்சியில் அது 575 கிராம் பாரத்துக்குச் சமமான விசையால் ஊர்தியை ஒவ்வொரு சுற்றிலும் வெளியே இழுக்கும். ஓர் இறக்கையின் நுனியில் மட்டும் புதிதாக வர்ணம் பூசுவதே கட்டுப்பாட்டுக் கோலை நடுங்கச்செய்யப் போதுமானது. ஆதலின் இரண்டு இறக்கைகளையும் குடத்தோடு இணைத்து, ஊசலாணியில் தாங்கித் தராசுபோல நிறுத்தி, இலேசான பக்கத்து நுனியிற் சிறுநிறை சேர்த்துச் சமனாக்குவர்.

நீளவாட்டுச் சமனிலை மட்டும் போதாது. அகலவாட்டிலும் நிறைமையம் உரிய இடத்தில் நிற்கவேண்டும். பொதுவாக அது முன்விளிம்பிலிருந்து அகலத்தின் காற்பங்குக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். பின்விளிம்பில் நிரப்புப்பொருளும் வர்ணமும் மிகுந்தால் அம்மையம் பின்னே நகரும். அப்போது இறக்கை முறுகி அதிரும் இயல்பைப் பெறும். அவ்வதிர்வு சிலபோது கணப்பொழுதில் அழிவாய் முடியும்.

பின்னர் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை நூல் கட்டி, அது ஊசலாணியின் நடுவைச் சரியாகக் கடக்கின்றதா என்று பார்ப்பர். கடவாவிடின், இறக்கைகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பது பொருள். இறுதியாக, இரு நுனிகளும் ஒரே தளத்திற் சுழல்கின்றனவா என அறியவேண்டும். முற்காலத்தில் நுனிகளில் வெவ்வேறு நிறச் சுண்ணக்கட்டியைத் தடவி, கம்பிற் கட்டிய துணியை அருகே கொணர்ந்து, அதிற் பதியும் அடையாளங்களை ஒப்பிடுவர். இன்று விட்டுவிட்டு ஒளிரும் விளக்கும் அதிர்வை அளக்கும் மின்கருவியும் அவ்வேலையைச் செய்கின்றன. சுற்றுக்கு ஒருமுறை கோல் நடுங்கினால் நிறையிலோ தளத்திலோ குறையுண்டு எனத் தேடவேண்டும். சுற்றுக்கு இருமுறை தோன்றும் நடுக்கம் ஓரளவுக்கு ஈரிறக்கைச் சுழலியின் இயல்பேயாம். அது முன்னையினும் மிகுந்தாற் காரணம் காணவேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பழுதுநீக்கும் கலையில் அரைப்பங்குக்கு மேல் பழுதறிதலே என்பது விளங்கும். தேய்தாளைப் பிடிக்கும் கை எவர்க்கும் வாய்க்கும். தேய்க்கலாமா விலக்கலாமா என்று துணியும் அறிவே அரிது. புதிய இறக்கைகள் விலைமிக்கன. ஆதலின், கண்ணுக்கு நேராய்த் தோன்றும் இறக்கையை வீசியெறிய மனம் ஒப்பாது. தன் பொருளைத் தானே மதிப்பிடுவோன், தனக்கு வேண்டிய விடையையே காணும் இயல்பினன். எனவேதான் அனுபவமுள்ள இன்னொருவரைக்கொண்டு மறுமுறை ஆராய்வித்தலும், கண்டதையும் செய்ததையும் திகதியோடு பதிவேட்டில் எழுதுதலும் வழக்கமாயின.

விலக்கப்பட்ட இறக்கைக்கும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. அதனைக் கொட்டிலின் மூலையிற் சார்த்திவைத்தல் தகாது; துண்டாக வெட்டிவிடல் வேண்டும். இன்று அதன் குறையை அறிந்தவர் நாளை இல்லாதொழியலாம். வர்ணம் பூசப்பட்டு அது மலிவாக விற்கப்படலாம். வாங்குபவன் தலைக்குமேலே அது மணிக்கு 21,000 முறை சுழலும். அவன் முன்பின் அறியாதவனாயினும், அவனுயிரைக் காப்பதும் இன்று இறக்கையை ஆராய்பவனின் பொறுப்பேயாம்.